வீட்டுக்காரர் வரலையா?

மாமி ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தார். வேப்பமரம் கிட்டத்தட்ட அறைக்குள்ளேயே வந்து நின்றது.

பூத்திருந்த காலம். ஜன்னல் திட்டில் உதிர்ந்து கிடந்த பூவை மாமி புறங்கையால் ஒதுக்கிக் குவித்தார். "கீழ கொண்டுபோய்க் காயப் போட்டுடுவேன். ரசத்துக்கு ஆகும்" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மாட வீதியின் இரைச்சல் அங்கே வந்து சேரும்போது பாதியாகத் தேய்ந்திருந்தது. வாடகைக்கு விடப்போகிற மாடிப் பகுதி அது. ஒரு கூடம், ஒரு அறை, ஒருவர் நின்று சமைக்கிற அளவில் சமையலறை, துணி உலர்த்தக் கொஞ்சம் மொட்டை மாடி. செருப்பைக் கீழே விட்டு வந்திருந்ததால் மொசைக் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது.

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அந்த வயதில் ஒரு வீட்டைப் பார்த்து மனம் இப்படி அடித்துக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை அந்த ஜன்னலோரம் போட வேண்டும். புத்தகங்களைச் சுவரோடு தரையிலேயே அடுக்கிக்கொள்ளலாம். மாமி அடுத்த ஜன்னலைத் திறப்பதற்குள் நான் அங்கே குடியேறியாகிவிட்டது.

அப்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு மெதுவாகப் படியேறி வந்தார் மாமியின் கணவர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ராகவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே புரோக்கர் கஜா மட்டும் நின்றிருந்தார்.

"வீட்டுக்காரர் வரலையா?"

நம் மொழியில் இந்த ஒரு சொல் பெண்களைப் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. வீடு வைத்திருப்பவரும் வீட்டுக்காரர், கணவரும் வீட்டுக்காரர். ஒரு வீட்டுக்காரரிடம் போய் வீடு கேட்டால் அவர் இன்னொரு வீட்டுக்காரரைத் தேடுகிறார்.

"இல்லைங்க சார். நான் மட்டும்தான்."

"வெளியூர்ல இருக்காரா?"

"விவாகரத்து ஆகிப் பல வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு, பெங்களூர்ல வேலை பாக்கறா. நான் தரமணியில ஒரு கம்பெனியில சம்பளப் பிரிவுல இருக்கேன். காலைல பறக்கும் ரயில்ல போனா சாயங்காலம் வந்துடுவேன்."

தெரிந்த கேள்விக்குப் பதில் எழுதும் மாணவியைப் போல மளமளவென்று ஒப்பித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மூடிக்கொண்டே வந்தது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். மாமியை மோர் கொண்டுவரச் சொன்னார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்கப்படாது. ஃபேமிலிக்குத்தான் கொடுக்கறதுன்னு வச்சிருக்கோம். நாளைக்கு யாராவது வருவா போவா. அக்கம்பக்கத்துல கேப்பா. உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"யார் வருவாங்க சார்?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். என் வீட்டுக்கு எப்போதாவது மகள் வருவாள். காஸ் சிலிண்டர் வரும்.

நான் மோரைக் குடித்து முடிக்கும்வரை மாமி பக்கத்தில் நின்றார். பிறகு டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். அறையிலிருந்து வேப்பமரம் வெளியே போயிற்று.

நான் தெருவில் இறங்கிய பிறகு, மறந்து வைத்துவிட்ட என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு மாமி வேகமாக வந்தார். வயது எழுபதாவது இருக்கும். மூச்சு வாங்கியது.

"உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்கோ. ஒருவேளை அவர் மனசு மாறினா..."

கொடுத்தேன். பெயரைக் கேட்டார். தேவகி என்றேன்.

"நான் ருக்மிணி" என்றார்.

மாடிப்படி

அந்த வீட்டின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததற்கு வேப்பமரம் மட்டும் காரணமில்லை. நான் வளர்ந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடையில் பங்கு சேர்ந்தவர். மயிலாப்பூரில் பல குடும்பங்கள் இருந்த ஒரு பெரிய கட்டடத்தில் எங்களுக்கு ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு அறை. அந்த ஒரு அறை அண்ணனுக்கு.

"அவன் படிக்கணும்லா" என்பாள் அம்மா.

"நானும்தான படிக்கேன்?"

"ஏட்டி, ஒனக்கென்ன. நீ எங்க ஒக்காந்தாலும் படிச்சிருவ."

அதை ரொம்ப நாள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடிக்குப் போகிற படியில் உட்கார்ந்து படித்தேன். ஈரத்துணி வாளியோடு யாராவது ஏறுவார்கள், முழங்காலை ஒதுக்குவேன். காய்ந்த துணியோடு இறங்குவார்கள், மறுபடி ஒதுக்குவேன். இன்றைக்கும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் என் முழங்கால் தானாக ஒதுங்கிக்கொள்கிறது.

அண்ணன் கிரிக்கெட் ஆடப் போகும் நேரத்தில் அவன் அறைக்குள் போவேன். எதையும் தொட மாட்டேன். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவன் சீக்கிரம் வந்துவிட்டான். "எந்திரி" என்றான். கோபம்கூட இல்லை. நாற்காலியில் கிடந்த துணியை எடுக்கச் சொல்வதுபோலச் சொன்னான். எழுந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பெரியவளான பிறகு மாதத்தில் மூன்று நாள் பின்கட்டு மூலையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளரோடு என்னை உட்கார வைத்துவிடுவார்கள். கட்டடத்திலிருக்கும் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். அண்ணனின் நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கூசும். ஆனால் அந்த மூன்று நாளும் "தேவகி, தண்ணி எடு", "தேவகி, கடைக்குப் போ" கிடையாது. யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மடியில் புத்தகத்தை வைத்துக்கொள்வேன்.

அந்த நாட்களுக்காக நான் ரகசியமாகக் காத்திருந்தேன். ஒரு பெண்பிள்ளை கொஞ்ச நேரம் தனியாக இருப்பதற்கு எதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மஸ்கட்டில் ஒருவர்

நான் ஏன் வீடு தேடினேன் என்று சொல்லவில்லையே. விவாகரத்துக்குப் பின் நானும் மகள் அனுவும் அடையாறில் வாடகைக்கு இருந்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அண்ணன். குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னால் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் போன் செய்து, "தங்கச்சி ஏதோ சொல்றாங்களே" என்பார். அனு வேலை கிடைத்து பெங்களூர் போனாள். வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், காலி செய்யுங்கள் என்றார்கள். இந்த முறை என் பெயரிலேயே வீடு எடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

அது எவ்வளவு பெரிய முடிவு என்று கஜாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"மேடம், ஒண்ணு சொல்வேன், கோச்சுக்கக் கூடாது" என்றார், மயிலாப்பூர் வீடு கைவிட்டுப் போன அடுத்த ஞாயிறு. "ஊடு வேணும்னா, சார் மஸ்கட்ல கீறார்னு சொல்லிக்கினு போய்க்கினே இருக்கணும். உண்மைய சொன்னா எவன் ஊடு குடுக்கறான்?"

வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் மந்தைவெளியில் ஒரு வீட்டில், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கஜா முந்திக்கொண்டார். "சார் மஸ்கட்ல கீறாருங்க."

அந்த வீட்டுக்காரருக்கு அப்படியொரு சந்தோஷம். "அப்படியா, எந்தக் கம்பெனி?"

"ஆயிலு" என்றார் கஜா.

"ரொம்ப நல்லது. அக்ரிமென்ட் அவர் பேர்லயே போட்டுடலாம். வாட்ஸப் நம்பர் குடுங்கம்மா, இப்பவே ஒரு வார்த்தை பேசிடறேன்."

கஜா என்னைப் பார்த்தார். நான் கஜாவைப் பார்த்தேன். எண்ணெய்க் கிணற்றுப் பக்கத்தில் தலையில் தொப்பியோடு நிற்கும் ஒரு மனிதரை என் மனம் கற்பனை செய்துவிட்டது. அவ்வளவுதான், சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினேன்.

"கெடுத்துட்டீங்களே மேடம்" என்றார் கஜா. தெருமுனை டீக்கடையில் நின்றபோது அவரும் சிரித்தார். பிறகு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் தங்கச்சியும் இதே மாரிதான். புருஷன் உட்டுட்டுப் பூட்டான். கொழந்தைங்கள வச்சிக்கினு எங்க ஊட்லயே கீது. ஊரு ஃபுல்லா ஊடு புட்ச்சுத் தர்றேன், அதுக்கு ஒரு ரூமு புடிக்க முடில."

அன்று சாயங்காலம் அனுவிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அம்மா, எனக்கு இங்க வீடு எப்படிக் கிடைச்சுதுன்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

"எப்படி?"

"அப்பாகிட்ட பேசணும்னாங்க. மாமா நம்பரைக் குடுத்தேன். மாமா அப்பா மாதிரிப் பேசினார்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

குழாய்ச் சத்தம்

என் மண வாழ்க்கையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே ஓர் அத்தியாயம் எழுதிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம்.

என் கணவரை எல்லோரும் நல்லவர் என்பார்கள். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. சண்டை வரும்போது மட்டும் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். "பிடிக்கலைன்னா உன் வீட்டுக்குப் போ." எந்த வீட்டைச் சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். அப்பா வீட்டில் அந்த ஒரு அறையில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். கூடத்தில் அவர்கள் பிள்ளைகள்.

நாங்கள் அப்போது இருந்த ஃபிளாட்டில் அவருக்குப் பேப்பர் படிக்க ஒரு நாற்காலி உண்டு. அனுவுக்குப் படிக்க ஒரு மூலை உண்டு. எனக்குக் குளியலறை. குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் நின்றபடி பத்திரிகை படிப்பேன். இதே வார இதழைத்தான் என்று சொன்னால் ஆசிரியர் மகிழ்வாரா தெரியவில்லை. தொடர்கதையில் ஒரு பக்கம் முடிவதற்குள் வாளி நிரம்பிவிடும். "இன்னும் உள்ள என்ன பண்றே?" என்று குரல் வரும். புடவை மடிப்புக்குள் இதழைச் செருகிக்கொண்டு வெளியே வருவேன்.

அலுவலகத்திலும் என் கதை பெரிய வித்தியாசமாக இல்லை. அனு சிறுமியாக இருந்தபோது பதவி உயர்வு ஒன்று என் முறைக்கு வந்தது. "குழந்தை சின்னதா இருக்கே, உங்களுக்கு எதுக்கு இந்த டென்ஷன்" என்று மேலதிகாரி பரிவோடு சொன்னார். நான் வேலை கற்றுக்கொடுத்த பையனுக்கு அது போயிற்று. இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை. இப்போது யார் பிறந்தநாள் என்றாலும், மெழுகுவர்த்தி அணைந்ததும் கேக் வெட்டுகிற கத்தி எப்படியோ என் கைக்கு வந்துவிடுகிறது. "அக்கா, நீங்கதான் கரெக்டா துண்டு போடுவீங்க."

மத்தியானப் போன்

ருக்மிணி மாமியிடமிருந்து முதல் போன் ஒரு மத்தியானம் வந்தது. நான் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"தேவகியா? ருக்மிணி பேசறேன். அவர் தூங்கறார்." குரலைத் தாழ்த்தியே பேசினார். "மாடி இன்னும் காலியாத்தான் இருக்கு."

"சார் ஒத்துக்கிட்டாரா மாமி?"

"இல்லை. சும்மா சொன்னேன்."

அதன் பிறகு வாரத்தில் ஓரிரு முறை கூப்பிட்டார். எப்போதும் அவர் கணவர் தூங்கும் நேரத்தில். வீட்டைப் பற்றி ஆரம்பிப்பார், பிறகு என்னைப் பற்றிக் கேட்பார்.

"காத்தால எழுந்ததும் மொதல்ல என்ன பண்ணுவேள்?"

"காபி போடுவேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான் மாமி."

"சமையல்?"

"பண்ணணும்னு தோணினா பண்ணுவேன். சில நாள் தயிர்சாதம். சில நாள் ஒண்ணுமே பண்ண மாட்டேன், வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்துடுவேன்."

"ஒண்ணுமே பண்ணாம" என்று மாமி திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்கு வந்தவர் அவர். மாமனார், மாமியார், நாத்தனார்கள், பிறகு பிள்ளைகள். "எல்லாரும் ஒவ்வொருத்தரா போயாச்சு. பசங்க அமெரிக்கா. இனிமே கொஞ்சம் எனக்குன்னு இருக்கலாம்னு நெனச்சுண்டிருந்தேன். அவர் ரிட்டயர் ஆகி ஆத்துக்குள்ள வந்து ஒக்காந்துண்டார்." குறை சொல்கிற தொனியே இல்லை. "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், பாவம். ருக்கு, கண்ணாடி எங்க. ருக்கு, ஃபேனைப் போடு. ருக்கு, வாசல்ல யாரு. நான் கண்ணுல பட்டுண்டே இருக்கணும். அவ்வளவுதான்."

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கஜாவும் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்காக நான் ஏறும் ரயில் மயிலாப்பூரின் திருமயிலை நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்னால், கட்டடங்களுக்கு நடுவே ஒரு மரத்தின் உச்சி தெரிந்து மறையும். அது அந்த வேப்பமரம்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தில்தான் உட்காருவேன்.

ஒரு மத்தியானம் மாமியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவர் வேண்டாம்னப்போ நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசியிருந்தா கேட்டுண்டிருப்பார்னுதான் நெனக்கறேன். நான் பேசலை."

"பரவாயில்லை மாமி."

"இருங்கோ, சொல்லி முடிச்சுடறேன். மாடியைப் பெருக்கப் போறேன்னு சொல்லிட்டு தெனம் சாயங்காலம் மேல போவேன். பெருக்க அங்க என்ன இருக்கு? கதவைச் சாத்திண்டு அந்த ஜன்னல்கிட்ட தரையில ஒக்காந்துப்பேன். அவருக்கு அடிக்கடி படியேற முடியாது. ருக்குன்னு கூப்பிடற வரைக்கும் என் பொழுது. யாராவது குடிவந்துட்டா அதுவும் போயிடும். நீங்க வந்தாலும் போயிடும். அதான் வாயை மூடிண்டு நின்னேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன இடம் எனக்குத் தெரியும். நான் நாற்காலி போட நினைத்திருந்த இடம் அது. ஒரே ஜன்னலுக்கு ஆசைப்பட்ட இரண்டு பேரில் யார் யாரிடம் கோபப்படுவது?

"பூ இன்னும் கொட்டுதா மாமி?" என்று மட்டும் கேட்டேன்.

"முடிஞ்சுடுத்து. காய் விட்டாச்சு" என்றார்.

பிறகு கொஞ்ச நாளில் அந்த மாடிக்கு ஒரு ஃபேமிலி வந்தது. கணவன், மனைவி, ஒரு குழந்தை. "நல்ல மனுஷாதான்" என்றார் மாமி. "குழந்தை தடதடன்னு ஓடறது. எனக்குப் பெருக்கற வேலை மிச்சம்."

கடல் காற்று

எனக்குக் கடைசியில் வீடு கிடைத்தது பாலவாக்கத்தில். வீட்டுக்காரர் சுபைதா பேகம். குடும்பத்துக்குத் தியாகராய நகரில் பல காலமாகத் துணி வியாபாரம். கீழே அவரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். மாடி எனக்கு.

சாவியைக் கொடுக்கும்போது சுபைதா அம்மா ஒன்றே ஒன்று சொன்னார். "துணி காயப் போட்டா கிளிப் போடும்மா. கடல் காத்து தூக்கிட்டுப் போயிடும். பக்கத்து வீட்டுல போய்க் கேட்டு வாங்கறது ஒரு வேலை."

அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கே பொறுக்காமல், "எனக்கு விவாகரத்து ஆகி..." என்று ஆரம்பித்தேன்.

"நான் கேக்கலையேம்மா" என்றார். ஒப்பந்தத்தில் என் பெயரைச் சரிபார்த்து, என்னிடம் பேனாவை நீட்டினார்.

நல்ல வீடு. ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடிக்கிறது, உப்பு டப்பா எந்நேரமும் கசிகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரும் என்னை எழுந்திரு என்று சொல்வதில்லை. ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பால்கனியில் உட்காரும்போது மனம் மயிலாப்பூருக்குப் போய்விடுகிறது. நான் வளர்ந்த பேட்டையில், அப்பா காய்கறி வாங்கிய கடைகளுக்குப் பக்கத்தில், அந்த மரத்தடியில் இருந்திருக்க வேண்டியவள் நான். ஊரே தெரிந்த இடத்தில் தனியாக இருப்பது ஒரு சுகம். கடலோரத்தில் யாரையும் தெரியாமல் தனியாக இருப்பது வேறு. முன்னதைத்தான் நான் கேட்டேன். கிடைத்தது பின்னது.

மாமி வந்த நாள்

"பாலவாக்கம் எவ்வளவு தூரம்?" என்று மாமி பல முறை கேட்டிருந்தார். நான் சொன்னால், "அடேயப்பா" என்று விட்டுவிடுவார். ஒரு சனிக்கிழமை பத்து மணி வாக்கில் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"திருவான்மியூர் கோவிலுக்குன்னு சொல்லிண்டு கெளம்பினேன். வழியில எறங்கி ஒரு கும்பிடும் போட்டுட்டேன். பொய்யாகாது."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை, சமையல் மேடையைத் தடவிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் போய் நின்றுவிட்டு வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். ஏதோ கேட்க வருகிறார் என்று தெரிந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டேளே?"

"கேளுங்க மாமி."

"நீங்க செத்த வெளியில போயிட்டு வரேளா?"

எனக்குப் புரியவில்லை.

"ஆத்துல யாருமே இல்லாம ஒரு தடவை இருந்து பாக்கணும்" என்றார். "அங்க மாடியில ஒக்காந்திருந்தப்போகூட கீழ அவர் இருக்கார்னு காது கேட்டுண்டே இருந்தது. காதை ஒண்ணும் பண்ண முடியறதில்லை."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவைச் சாத்தும்போது, உள்ளே மாமி தாழ் போடும் சத்தம் கேட்டது.

கடற்கரைக்குப் போனேன். அந்த வெயிலில் அங்கே யாருமில்லை. படகு நிழலில் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மணல் செருப்பை மீறிச் சுட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்காக எத்தனையோ அறைகளிலிருந்து எழுந்து போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குத்தான் மனமார எழுந்து வந்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஒரு பொழுது தர என்னிடம் ஒரு வீடு இருக்கிறது. அந்த நிமிஷம் பாலவாக்கம் என் ஊராகப் பட்டது.

வெயில் தாங்கவில்லை. நினைத்ததைவிடச் சீக்கிரமே திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போது மேலே என் வீட்டுக்குள்ளிருந்து மாமியின் கைபேசி மணி கேட்டது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மாமி தெரிந்தார். தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டியிருந்தார். கண் திறந்துதான் இருந்தது. மணி மூன்றாவது முறை அடித்தது. மாமி எழுந்திருக்கவில்லை.

படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டேன். கீழே சுபைதா அம்மா எட்டிப் பார்த்து, "ஏம்மா வெயில்ல நிக்கறே, மேல போகலையா?" என்றார். விருந்தாளி இருக்கிறார் என்றேன். அவர் மேலே பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை எடுத்து நிழலில் போட்டார்.

வெயில் சுவருக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் மேலே போனேன். மாமி முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, கைப்பையோடு தயாராக இருந்தார். காபி டம்ளரைக்கூடக் கழுவாமல் மேஜை மேலேயே விட்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"அவர் கூப்டிண்டே இருந்தார்" என்றார்.

"எடுத்துப் பேசலையா மாமி? ஏதாவது அவசரமா இருந்தா?"

"அவசரம்னா மாடியில இருக்கறவா கூப்பிடுவா. இது தயிர் எங்க இருக்குன்னு கேக்கறதுக்கு." செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் இறங்கினார். "தேடினா கெடைக்கும்."